நாலாவது செங்கல்

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாரத்தில் ஆறு நாள், ஆறு வருஷம், காலை வேளையில் அந்தப் பெயரைத் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டவன் நான். கூப்பிட்டது போதும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில் கவரைப்பேட்டை பக்கம் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மெட்ராஸில் ஒரு காலேஜில் பொருளாதாரம் பி.ஏ. முடித்திருந்தேன். திருப்பாச்சூரில் வீட்டோடு சும்மா உட்கார்ந்திருந்தால் தெருவே விசாரிக்கும். அதற்குப் பயந்து கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு வருஷம், அப்புறம் பாங்கு பரீட்சை எழுதிக் கிளம்பிவிடுவது என்று திட்டம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்தேன். பாயும் டிரங்குப் பெட்டியும் தவிர ஒன்றும் வாங்கவில்லை. ஒரு வருஷத்துக்கு எதற்கு நாற்காலி?

காலை ஆறரை மணிக்கு கேட்டில் நின்று பதிலி ஆட்களின் பெயரைக் கூப்பிடுவது என் முதல் வேலை. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத அன்று அவருடைய மிஷினில் நிற்பவர்தான் பதிலி. எல்லாரும் வந்துவிட்டால் பதிலிக்கு வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதற்காக வராமலும் இருக்க முடியாது. லிஸ்டில் வரிசை நம்பர் உண்டு, அன்றன்றைய ஷிப்டும் அந்த வரிசையில்தான். உள்ளே ஒரு நிரந்தர இடம் காலியானால் அது முதல் நம்பருக்கு. தொடர்ந்து மூன்று நாள் கேட்டுக்கு வராதவர் பெயர் லிஸ்டின் கடைசிக்குப் போய்விடும். எத்தனை வருஷம் நின்றவராக இருந்தாலும் மறுபடி அடியிலிருந்துதான்.

சுவர் ஓரமாகத் தரையில் ஒரு வரிசை செங்கல் பதித்திருந்தது. பதிலிகள் வந்ததும் அவரவர் நம்பர் செங்கல்மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு எதிரே பூவரச மரத்தடியில் உட்காருவார்கள். இப்படி வைக்கச் சொல்லி மில்லில் யாரும் உத்தரவு போடவில்லை. அவர்களாக ஏற்படுத்திக்கொண்டது. புதிதாக வந்த ஒருவர் தெரியாத்தனமாக மூன்றாவது செங்கல்லில் தூக்கை வைத்து, அது கைகலப்பில் முடிந்ததை நானே பார்த்தேன். முதல் நம்பர் நிரந்தரமானால் மறுநாள் எல்லாத் தூக்கும் ஒரு செங்கல் முன்னால் நகரும். அன்றைக்கு எதிர் டீக்கடையில் கல்யாண வீட்டுக் களை கட்டிவிடும்.

பெயர் எழுதமாட்டேன் என்றேனே, இவர் எனக்கு இரண்டு வருஷம் முன்பே வந்து நிற்க ஆரம்பித்தவர். நான் சேர்ந்தபோது ஒன்பதாவது செங்கல். மூன்று வருஷத்தில் நாலாவதுக்கு வந்தார். அதோடு சரி, நகரவில்லை. கறுத்து, உயரமாக, கொஞ்சம் முன்னால் வளைந்த உடம்பு. பேர் கூப்பிட்டால் மற்றவர்கள் "சார்" என்பார்கள், சிலர் கை மட்டும் தூக்குவார்கள். இவர் எழுந்து நின்று "கீறேன் சார்" என்பார். இருக்கிறேன் என்பதைத்தான் அந்தப் பக்கம் அப்படிச் சொல்வார்கள். ஆனால் இவர் சொன்னால் அதில் ஒரு அழுத்தம் இருக்கும்.

போட்டதை விடமாட்டார். அதுதான் அவருடைய குணம், கோணல் எல்லாம். கும்மிடிப்பூண்டி சந்தையில் ஒரு தடவை செருப்பு வாங்கினார். ஒரு சைஸ் சின்னது. கடைக்காரன் மாற்றித் தரமாட்டேன் என்றுவிட்டான். வேறு யாராயிருந்தாலும் மச்சானுக்கோ தம்பிக்கோ கொடுத்திருப்பார்கள். இவர் அதையே மாட்டிக்கொண்டு குதிகால் வெளியே தொங்கத் தொங்க நொண்டி நொண்டி வந்தார்.

"கொப்புளம் வெடிச்சி ரத்தம் வருதேங்க, கழட்டி எறியுங்க," என்றேன்.

"காசு குடுத்தாச்சே சார்."

"காசு போச்சு. காலும் போகணுமா?"

"செருப்பு மாறாது சார். காலுதான் பழகிக்கணும்."

பழகவில்லை. கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும்.

இன்னொரு நாள் சாயங்காலம் பஸ்ஸுக்காக மெயின் ரோட்டில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு மணி நேரமாயிற்று, பஸ்ஸைக் காணோம். அவர் ஊர்க்காரர் ஒருவர் லாரியை நிறுத்தி, "ஏறு நைனா, ஊட்டாண்ட வுட்டுட்றேன்," என்று கூப்பிட்டார். இவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் நின்னுட்டேனே சார். இப்ப லாரில போனா நின்னதெல்லாம் தண்டமாப் பூடும்," என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் ஏறவில்லை. பஸ் வர இன்னும் முக்கால் மணி ஆனது.

விவரமில்லாத ஆள் என்று நினைத்தால் அது நம் தப்பு. பொன்னேரியிலிருந்து ரயிலில் மீன்காரம்மாக்கள் கூடையோடு வந்து ஸ்டேஷன் வாசலில் உட்காருவார்கள். நான் ஐந்து மணிக்கே போய் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு வருவேன். இவர் அசையமாட்டார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிக்னல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும் வண்டிக்கு சிக்னல் கை இறங்கியதும் எழுந்து போய், பாதி விலைக்கு இரட்டிப்பு மீனோடு வருவார்.

"எப்படிங்க இது?"

"மதியானம் அது மீனு சார். வண்டி வந்துட்டா அந்தம்மாவுக்கு அது பாரம். பாரத்துக்கு இன்னா வெல?"

எங்கள் புரொபசர் ஒரு டெர்ம் முழுக்க போர்டில் கோடு கோடாகப் போட்டு நடத்தியதை இவர் ஒரு சிக்னல் இறங்குவதற்குள் முடித்துவிட்டார். மற்றவர்கள் சரக்கை, மற்றவர்கள் நேரத்தை அவ்வளவு துல்லியமாக எடை போடுவார். தன் நேரம் என்று வந்தால்தான் தராசு கோணிக்கொள்ளும்.

அறுப்புக் காலத்தில் பதிலிகள் பாதிப்பேர் கேட்டுக்கு வருவது குறைந்துவிடும். ஏரிப் பாசன ஊர்களில் அறுப்புக்குப் போனால் கூலி நெல்லாகவே வீட்டுக்கு வரும். இங்கே வாரத்தில் இரண்டு ஷிப்டு கிடைத்தால் பெரிது. இரண்டு நாள் வயலுக்குப் போவார்கள், மூன்றாம் நாள் கேட்டுக்கு ஓடி வந்து முகத்தைக் காட்டுவார்கள். இவர் அதற்குக்கூடத் துணியவில்லை. மனைவி மட்டும் வயலுக்குப் போனார். ஒருநாள் டீக்கடையில் வைத்து, காலேஜில் படித்த திமிரில் பாடமே எடுத்துவிட்டேன். ஒன்றை எடுத்துக்கொள்ளும்போது எதை விடுகிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை என்றேன்.

"அறுப்புக்குப் போனா பேரு பூடும், கேட்டுக்கு வந்தா நெல்லு பூடும். இத்தக்கூடவா சார் காலேஜில சொல்லித் தராங்க?"

சரி, அது தெரிந்திருக்கிறது. அடுத்ததற்குப் போனேன். ஏற்கெனவே போனது எப்படியும் திரும்பி வராது, ஆகவே எந்த முடிவிலும் அதைச் சேர்க்கக் கூடாது, இனிமேல் வரப்போவதை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்றேன். "அஞ்சு வருஷம் நின்னீங்க. அதை மறந்துட்டு யோசியுங்க. நாளைக்குக் காலைல இங்க நின்னா என்ன வரும், வேற எங்கயாவது நின்னா என்ன வரும்?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றது துட்டுக்கு சரி சார். நான் துட்டா போட்டேன்? என்னையில்ல போட்டிருக்கேன்."

டீக்கு நானே காசு கொடுத்தேன்.

அவர்கள் கிறிஸ்தவர்கள். இரண்டாவது பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாள் வந்தது. மாதா கோயிலில் ஏழு மணிக்கு. ஆறரைக்கு இவர் வெள்ளை வேட்டி சட்டையோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு ஷிப்டு இல்லை என்று நான் நோட்டை மூடியதும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினார். ஒருநாள் வராவிட்டால் ஒன்றும் ஆகாது, ரூல் மூன்று நாள்தான் என்று மறுநாள் சொன்னேன். "தெரியும் சார். ஆனா அன்னிக்கிப் பாத்து ஷிப்டு வந்துட்டா?" என்றார். குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து முடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாராம்.

இனி என் கதை கொஞ்சம் வருகிறது. சேர்ந்த நாலாவது வருஷத்தில் ஒருநாள் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இனி நிரந்தர இடம் காலியானால் நிரப்பப் போவதில்லை, பதிலிகளை வைத்தே ஓட்டப் போகிறோம் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. குறிப்பை என்னையே எழுதச் சொன்னார்.

"வெளியே மூச்சு விடாதே. தெரிஞ்சா காலைல எவன் வந்து கேட்டுல நிப்பான்?" என்றவர், நான் எழுந்திருக்கும்போது, "சீனியர் கிளார்க் போஸ்ட் ஒண்ணு வருது. உன்னைத்தான் மனசுல வச்சிருக்கேன்," என்றார்.

மூச்சு விடவில்லை. இரண்டு வருஷம் விடவில்லை. ஒவ்வொரு காலையும் அந்தச் செத்த லிஸ்டை உரக்கப் படித்தேன். "கீறேன் சார்" என்று அவர் எழுந்து நிற்பார், நான் டிக் போடுவேன். முதலில் சில மாதம் அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் நோட்டைப் பார்த்துக்கொண்டே கூப்பிடப் பழகிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டி பக்கம் புதுசு புதுசாகத் தொழிற்சாலை முளைக்க ஆரம்பித்தது. அவருடைய மச்சான் ஒரு கம்பித் தொழிற்சாலையில் சொல்லிவைத்து இவருக்கு இடம் பிடித்திருந்தார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் வேலை செய்து காட்ட வேண்டும். தேறினால் நேராக நிரந்தரம். இவருக்கு முப்பத்தெட்டு வயது. இன்னொரு தடவை யாரும் கூப்பிடப் போவதில்லை. சனிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பும்போது ஸ்டேஷனில் வந்து பிடித்துக்கொண்டார்.

"மூணு நாளு சார். பேரு கடைசிக்குப் பூடும் இல்ல?"

"போயிடும்."

"அங்க தேறலன்னா?"

நான் வண்டி வரும் பக்கம் பார்த்தேன்.

"ராவும் பகலும் இதே பேஜாரா கீது சார். எட்டு வருஷம். நாலாவது எடம். நீங்களே சொல்லுங்க, இத்த வுட்டுட்டு எப்பிடிப் போறது?"

ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த லிஸ்டுக்கு உயிரில்லை, போங்க என்று. வண்டி வரக் கால் மணி இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. நான் சொன்னது வேறு.

"நீங்க போயிட்டு வாங்க. வந்ததா நான் டிக் போட்டுக்கறேன். பேரு அப்படியே இருக்கும்."

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் போய்ச் சேரும்வரை நானும் ஒரு நல்லவனாகவே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல தைரியமில்லாதவன் பொய்யில் தாராளமாக இருந்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விடியும் முன்பே வந்து நாலாவது செங்கல்லில் தூக்கை வைத்துவிட்டு ரயிலேறிப் போயிருக்கிறார். பெயரைக் கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. டிக் போட்டேன். ஐந்தாம் நம்பர்காரர் என்னைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், சும்மா இருந்துவிட்டார். அன்றைக்கென்று சரியாக நாலு நிரந்தர ஆட்கள் லீவு. நாலாவது ஷிப்டுக்கு ஐந்தாம் நம்பரை உள்ளே அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குப் போகிறேன், மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்! அவரைத் தள்ளிக்கொண்டு போகாத குறையாக சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனேன்.

"என்னங்க இது? அங்க போகலையா?"

"நேத்து நல்லா செஞ்சேன் சார். சூப்பர்வைசரு டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு."

"அப்புறம்?"

"நேத்து இங்க நாலு ஷிப்டாமே. எட்டு வருஷம் வந்துக்கினு இருந்தேன், ஒரு நாளு வரல, அன்னிக்கிப் பாத்து வந்திருக்கு. கேட்டதுலேர்ந்து நாஷ்டா எறங்கல. அங்க தேறினாலும் நான் புது ஆளு சார். இங்க எனக்குப் பின்னாடி இருபது பேரு கீறாங்க."

பின்னால் இருபது பேர் இருப்பது ஒரு சொத்தா? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கத்திவிட்டேன். "முன்னாடி ஒண்ணுமே இல்லைங்க! இந்த லிஸ்டுலேர்ந்து இனிமே ஒருத்தரையும் எடுக்கப் போறதில்லை. முடிவு பண்ணியாச்சு. இன்னும் முப்பது வருஷம் நின்னாலும் நாலாவது செங்கல்தான்!"

ஷெட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப முடிவு பண்ணாங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"உனுக்கு எப்பத் தெரியும்?"

முதல் தடவையாக என்னை ஒருமையில் கூப்பிட்டார். நான் குனிந்துகொண்டேன்.

"நான்தான் எழுதினேன்."

"ரெண்டு வருஷமா தெரிஞ்சிக்கினே என் பேரக் கூப்ட்டுக்கினு இருந்தியா சார்?"

அடித்திருந்தால் தேவலை. அவர் குரலில் கோபம்கூட இல்லை, யோசனைதான் இருந்தது. மீன்காரம்மாவின் கூடையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"நான் நிக்கிறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். நீங்கல்லாம் நிக்க வச்சிக்கினு இருந்திருக்கீங்க," என்றார். தூணை விட்டுவிட்டு, "நீ ஏன் சார் இங்க கீற? பி.ஏ. படிச்சவரு. பேங்கிக்குப் போறேன்னு அப்பப்ப சொல்லுவியே," என்றார்.

"ஆறு வருஷ சர்வீஸ் ஆயிடுச்சு. சீனியர் கிளார்க் போஸ்ட் எப்படியும் இந்த வருஷம் வந்துடும். இப்ப விட்டுட்டுப் போனா..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். என் வாயில் அவருடைய வார்த்தைகள் வருவது எனக்கே கேட்டது.

அவருக்கும் கேட்டிருக்கும். மேலே ஒன்றும் கேட்காமல் போனார். நாலாவது செங்கல்லிலிருந்து தூக்கை எடுத்தார். செருப்பைக் கழற்றி இடுக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் போன முதல் லாரிக்கே கையைக் காட்டி, அது நிற்பதற்குள் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டார். நான் கேட்டுக்குத் திரும்பி வந்து நோட்டைத் திறந்து லிஸ்டைப் படித்தேன்.

அங்கே தாமதத்துக்காக ஏகப்பட்ட திட்டு வாங்கினாராம். ஆனால் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நம்பர்காரர்தான் சொன்னார்.

நான் ரூல்படி நடந்தேன். மூன்று நாள் கூப்பிட்டேன், நாலாம் நாள் அவர் பெயரை அடித்து லிஸ்டின் கடைசியில் எழுதினேன். பெயரைக் கீழே இறக்குவதற்குத்தான் ரூல் இருந்தது, எடுத்துவிடுவதற்கு ரூல் இல்லை. மறுநாள் ஐந்தாம் நம்பர்காரர் தன் தூக்கை நாலாவது செங்கல்லுக்கு நகர்த்தினார். அவருக்குப் பின்னால் இருந்த அத்தனை தூக்கும் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மூன்று வருஷத்துக்குப் பிறகு வரிசை நகர்ந்திருக்கிறது! டீக்கடையில் அன்றைக்கு மறுபடி கல்யாண வீட்டுக் களை. எனக்கும் ஒரு டீயும் பன்னும் வந்தன. அவர்களிடமாவது சொல்லியிருக்கலாம். பன்னைத் தின்றுவிட்டு உள்ளே போனேன்.

சீனியர் கிளார்க் போஸ்ட் இன்னும் இரண்டு வருஷம் கழித்து வந்தது. அதற்குள் ரூமில் நாற்காலியும் மேஜையும் வாங்கிவிட்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி போகும் வண்டி வந்து நின்றது. ஜன்னலோரம் இவர். கொஞ்சம் சதை போட்டிருந்தார். மடியில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானக் குழந்தையாகத்தான் இருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்:

"இன்னும் அங்கதான் கீறியா சார்?"

வண்டி நகர ஆரம்பித்தது. நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"கீறேன்."